வேன் முகத்தில் குங்குமம்

அரியலூர்
20.2.2025

அன்புள்ள ஜெயசித்ராவுக்கு,

குருநாதன் எழுதுவது. நான் சுகம். நீ செய்த குட்டி வெள்ளை வேனும் சுகம். இதை முதலில் சொன்னால்தான் நீ நிதானமாக மேலே படிப்பாய்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ராசாங்கம் அண்ணன் நாளை மஸ்கட் கிளம்புகிறார். அவர் கையில் எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். இன்னும் இரண்டு வருடம் இருப்பதாக இந்த மாதக் கடைசிக்குள் நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட வேண்டும் என்றாயே, அதற்குள் இது உன்னிடம் வந்து சேர்ந்துவிடும்.

நீ மஸ்கட் கிளம்பிய அன்று, உன் அண்ணன் ராஜேஷ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, "பிளாஸ்டிக் பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிறவளுக்குக் குடும்பம் எதுக்கு?" என்று கேட்டேன். வேன் இருந்த டப்பாவின் மேல் ஆறு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாய். பளபளப்புக்கு மேலே அடிக்கிற கிளியர் கோட் மட்டும் பாக்கி, பிப்ரவரி பதினாறு திருச்சியில் மாதிரி வண்டிக் கண்காட்சி, பெயர் கொடுத்திருக்கிறேன், முடிந்தால் அடித்துக் கொண்டுபோய் வையுங்க என்று முதல் வரி. மூன்று மாதம் அந்தத் தாளை நான் தொடவில்லை. அவ்வளவு ரோஷம்!

இந்த மாதம் முதல் வாரம்தான் டப்பாவைத் திறந்தேன். சும்மா ஒரு பார்வை பார்க்கலாம் என்று எடுத்தவன், அரை மணி நேரம் கீழே வைக்கவில்லை. அடிப்பாவி! நான் தனியாக முதன்முதலில் பெயின்ட் அடித்த வேனைத்தான் நீ சின்னதாகச் செய்திருக்கிறாய். அதே வெள்ளை, முகத்தில் அதே 'முருகன் துணை'. இடது கதவில் பெயின்ட் வழிந்து ஒரு சொட்டு நின்றதே, ஓனர் பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று நான் செட்டிகுளம் முருகனுக்கு வேண்டிக்கொண்ட சொட்டு, அதையும் கடுகளவு வைத்திருக்கிறாய். யாரும் கவனிக்கவில்லை என்றல்லவா இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகும் என் புத்தி போகவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் காருக்குக் கிளியர் அடிக்கிறவனுக்கு நீ பாடம் நடத்துவதா என்று, உன் பக்கங்களைப் படித்துப் படித்துச் சிரித்தேன். நம் கடையில் காருக்கு அடிக்கிற கிளியரில் தின்னர் காரம் அதிகம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும், நான் வாங்கி வைத்திருக்கும் சின்ன ஸ்பிரே டின்னையே பயன்படுத்துங்க என்று எழுதியிருந்தாய். எதை அடித்தாலும் முதலில் ஸ்பூனில் அடித்துப் பாருங்க என்று, அதே பெயின்ட் பூசி, வேன் எழுத்து வரைந்ததில் மிஞ்சிய ஸ்டிக்கரும் ஒட்டி ஐந்து பிளாஸ்டிக் ஸ்பூன் வேறு வைத்திருந்தாய். உன்னைப் பொய்யாக்க வேண்டும் என்றே ஒரு ஸ்பூனில் கடைக் கிளியரை, காருக்கு அடிக்கிற மாதிரி தாராளமாக அடித்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பால் ஆடை மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. ஸ்டிக்கரின் மை கரைந்து ஓடியிருக்கிறது. அது வேனாக இருந்திருந்தால்? அந்த எழுத்தை நீ மறுபடி எப்போது வரைவாய்?

அன்றைக்கே ஆறு பக்கத்தையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து படித்தேன். இரண்டாவது ஸ்பூனை நீ சொன்னபடியே அடித்தேன். அருமையாக வந்தது, ஆனால் மேலெல்லாம் பொடிப்பொடியாகத் தூசி. நம் கடை வாசலில் சுண்ணாம்புக்கல் லாரி போகிற போக்குதான் உனக்குத் தெரியுமே. பெரிய காரென்றால் தேய்த்துப் பாலிஷ் போட்டுவிடலாம். கட்டைவிரல் அகலக் கதவில் எதைத் தேய்ப்பது?

அதனால் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன். ஆமாம், உன் அண்ணன் வீட்டுக்குத்தான். அன்றைக்கு அந்தப் பேச்சு பேசிவிட்டு எந்த முகத்தோடு போவது என்று வழியெல்லாம் யோசனை. மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டார். அத்தைதான் என் மடியைப் பார்த்துவிட்டு, "எம் பொண்ணு செஞ்சதா? பத்திரமா வைங்க மாப்ள" என்றார். மாடி அறையை அவரே ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறியையும் நிறுத்திக் கொடுத்தார்.

பனி விலகி வெயில் நன்றாக ஏறும்வரை காத்திருந்தேன். ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும் என்று நீ இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாயே. டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுத்தேன். ஒன்றரை சாண் தள்ளி, வேனுக்கு வெளியே ஆரம்பித்து வெளியே போய் முடித்து, பனி படிகிற மாதிரி முதல் பூச்சு. கால் மணி நேரம் கழித்து இரண்டாவது. வண்டிக்கு மேல் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிட்டுக் காபி குடிக்கக் கீழே இறங்கினேன்.

திரும்பி வந்து டப்பாவைத் தூக்கினால், வேன் முகத்தில் 'முருகன் துணை'க்குப் பக்கத்தில் குங்குமப் பொட்டு! அத்தை வைத்துவிட்டார். "புது வண்டியாச்சே மாப்ள, வெறும் மூஞ்சியா அனுப்பலாமா?" என்கிறார். கடையில் பையன்கள் இப்படிச் செய்திருந்தால் ஊரே கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன். அத்தையை என்ன சொல்வது? காயாத பூச்சில் குங்குமம் அப்படியே ஒட்டிக்கொண்டது. துடைத்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். உன் ஆறு பக்கத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் எழுதின நீ, உன் அம்மா பொட்டு வைத்தால் என்ன செய்வது என்று மட்டும் எழுதவில்லை. சிவப்பு ஓடிவிடக்கூடாதே என்று முருகனை நினைத்துக்கொண்டு கடைசிப் பூச்சை அதன் மேலேயே அடித்தேன். ஓடவில்லை. கண்ணாடிக்கு உள்ளே வைத்தது மாதிரி நின்றுவிட்டது. இரண்டு நாள் காயவிட்டு, நீ தனியாக வைத்திருந்த ஜன்னல் கண்ணாடிகளைப் பொருத்தினேன்.

திருச்சியில் நடுவராக வந்தவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு குனிந்தவர் நிமிரவேயில்லை. இது என்ன சிவப்பு என்று கேட்டார். "பூசை போட்ட வண்டி சார்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, இவ்வளவு சமமான கிளியர் யார் அடித்தது என்றார். அடித்த கை என்னுடையது, சொல்லிக்கொடுத்தது என் வீட்டுக்காரி என்று உன் தாள்களை நீட்டினேன். அங்கேயே பன்னிரண்டு பேர் அதை ஜெராக்ஸ் எடுத்தார்கள். பரிசு சென்னைக்காரர் ஒருவருக்குப் போனது. உனக்குச் சிறப்புப் பாராட்டுச் சான்றிதழ். மேடையில் உன் பெயரை வாசித்தபோது நான் எழுந்து நின்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஜெயா. இவளையா அப்படிக் கேட்டோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

நான் கேட்டது தப்பு. அதை ராஜேஷ் முன்னாலும் அத்தை முன்னாலும் சொல்லிவிட்டேன். இப்போது உன்னிடம் சொல்கிறேன். கையெழுத்து விஷயத்தில் உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய். உன் வேலையின் அருமை எனக்குத் தெரியாது என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் குங்குமத்தை இரண்டாயிரம் நம்பர் உப்புத்தாளால் பதமாகத் தேய்த்து எடுத்துவிடலாம், மேலே மறுபடி பூசலாம் என்று நடுவர் சொன்னார். எனக்கும் அது முடியும். ஆனால் நான் தொடமாட்டேன். அது உன் வண்டி. இருக்கட்டுமா, எடுக்கட்டுமா என்று நீதான் சொல்ல வேண்டும். போட்டோவில் பார்த்துச் சொல்லாதே. போட்டோவில் அது சரியாகத் தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. முருகன் உனக்குத் துணை இருப்பான்.

உன் வருகைக்கு வேனை மூடி வைத்திருக்கும்,
குருநாதன்