ஊதாத் துணி மூட்டை

அன்புள்ள சவரிமுத்து மச்சான்,

பதினோரு வருடம் வாய் திறக்காமல் இருந்தது போதும். கேட்க வேண்டிய நீ போன பிறகுதான் எனக்குப் பேச்சு வருகிறது. என் குணம் உனக்குத் தெரியாததா?

ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் காலனிப் பிள்ளைகள் எல்லோரும் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். கேள்வித்தாள் வெளியே போய்விட்டது என்று பேச்சு கிளம்பியது. அவர்களுக்கு மாலையில் டியூஷன் எடுத்தவன் நீ. தலைமை ஆசிரியை சிஸ்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"சார், நீங்க ஏதாவது பார்த்தீங்களா? எழுதித் தர வேணாம். வாயால சொன்னாப் போதும்."

பார்த்திருந்தேன். தேர்வுக்கு முந்தின வாரம், கேள்வித்தாள் வைத்திருந்த ஆபீஸ் பீரோவிலிருந்து ஊதாத் துணி மூட்டை ஒன்றை நீ எடுத்துப் போனாய். அதைச் சொன்னேன். என்னைத் தாண்டி உன்னை உதவித் தலைமை ஆசிரியர் ஆக்கிய கடுப்பும் கூடவே இருந்தது.

உன்னை வேலையை விட்டு அனுப்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"இன்னா மச்சான், நீகூடவா?"

"பார்த்ததைத்தானே சொன்னேன்."

"பாத்தே சரி. உள்ள இன்னா கீதுன்னு என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

வாலாஜாபாத் பஸ் வந்தது. ஏறிவிட்டாய். அங்கே ரைஸ்மில்லில் வேலை பார்த்தே காலத்தைக் கழித்தாய்.

பள்ளி வளாகத்திலேயே மாதா கோயில் இருந்தும் நான் ஒருநாளும் படி ஏறியதில்லை. எங்கள் தெருவில் அப்படித்தான் வளர்த்தார்கள். உன் அடக்கத்துக்குத்தான் முதல்முறை உள்ளே வந்தேன். மாதா, புனிதர் சுரூபங்கள் எல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்தன. கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியாரிடம் ஏன் என்று கேட்டேன்.

"இன்னா சார், இத்தினி வருசம் இங்கியே வேல பாத்துகினு இது தெரியாதா? ஈஸ்டர் வருதுல்ல, பெரிய வாரத்துக்கு முன்னாடி மூடிடுவோம். துணியெல்லாம் ஸ்கூல் பீரோவுலதான் கீது. முன்னெல்லாம் சவரி சார்தான் எட்தாந்து குடுப்பாரு."

அதற்குள் உன் பெட்டியை மூடிவிட்டார்கள்.

சிஸ்டருக்கு அது தெரியாமலா இருக்கும்? நான் அவரிடம் 'ஊதாத் துணி' என்று சொன்னேனா, வெறும் 'மூட்டை' என்றேனா? எவ்வளவு யோசித்தாலும் நினைவில் இல்லை. துணிக்குள் வேறு எதுவும் இருந்ததா? அதுவும் தெரியாது, மச்சான். உன்னை முழுதாக நம்பவும் எனக்கு வரவில்லை. அதற்கும் மன்னித்துவிடு.

இறந்துபோன ஆசிரியர்களின் படங்கள் ஸ்டாஃப் ரூம் சுவரில் வரிசையாக இருக்கின்றன, கல்லறைத் திருநாளுக்கு மாலை போடுவார்கள். உன் மகள் ஸ்டெல்லா உன் படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "அவர் மேல ஒரு புகார் இருந்துச்சேம்மா" என்று புது சிஸ்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தச் சுவருக்குக் கீழேதான் நான் தினமும் சாப்பிடுகிறேன்.

அதனால் இந்தக் கடிதத்தைப் பள்ளிக்கே அனுப்புகிறேன். பெயர் போடத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அன்று உன்னைப் பற்றிச் சொன்னதிலும் என் கையெழுத்து இல்லை. வாலாஜாபாத் போய்த் தபாலில் போடுவேன், இங்கே போஸ்ட்மேனுக்கு என் எழுத்து தெரியும்.

ஒன்று மட்டும் சத்தியம். இதை எழுதியது யார் என்று இன்னொருவன் மேல் சந்தேகம் விழுந்தால், அன்றைக்கு எழுந்து நிற்பேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்