முதலில் ஓடியவன்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆர்விட்டின் வணக்கம். இங்கே நலம், உங்கள் மூட்டுவலி தேவலையா?

ஞாயிறன்று கோத்தன்பர்க்கில் பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கு சேகரிப்பவர்கள் கூடினோம். நான் பழுதுபார்த்த பித்தளை விளக்கைப் பெருமையாக ஏற்றினேன். மூடியில் கசிவைத் தடுக்கும் பழைய வாஷரை மாற்றாமல் சோம்பலாக விட்டிருந்தேன். பம்பால் காற்றடித்ததும் மண்ணெண்ணெய் கசிந்து குப்பென்று பற்றிக்கொண்டது. யாருக்கும் காயமில்லை, பயப்படாதீர்கள். ஆனால் முதலில் ஓடியவன் நான்தான். கைத்தடியோடு பக்கத்தில் நின்ற வீட்டுக்கார அம்மா குன்வோரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அவர்தான் ஈரச்சாக்கைப் போட்டு அணைத்தார்.

“அடேயப்பா, என்னா ஓட்டம்டா! ஊருக்கே போய்ட்டியோன்னு நெனச்சேன்!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசுகிறது. இன்றும் பசியில்லை என்று பொய் சொல்லி அறைக்குள் வந்துவிட்டேன்.

நீங்கள் வெட்டும் தோல் வாஷர் இரண்டு அனுப்புங்கள். அவரிடம் என்ன சொல்வதென்றும் எழுதுங்கள்.

கதவைத் தட்டுகிறார். “ஓடிப்போனவனுக்கும் வயிறு இருக்குல்ல? சூப்பு ஆறுது, வாடா!”

போகிறேன் அப்பா.

ஆர்விட்