பஸ் நின்றுபோன தெரு

என் ராசாத்திக்கு,

சுகந்தானே? இதை நர்ஸம்மா உனக்கு வாசித்துக் காட்டுவாள்.

நம் தெருவுக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஏற ஆளே இல்லையாம். தினமும் ஏறிய நாங்கள் ஐந்தாறு கிழடுகள் ஆள் கணக்கில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது. லீவு கிடைத்ததும் காரில் கூட்டிப்போகிறேன் என்கிறாள் மகள். பாவம், அவளுக்கு லீவுதான் கிடைக்க மாட்டேன் என்கிறது.

திங்கட்கிழமை உன்னைப் பார்க்க நடந்தே புறப்பட்டேன். மேம்பாலம் ஏறும்போதே முழங்கால் மக்கர் பண்ணிவிட்டது. ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். நம் தெருமுனைப் பழக்கடைக்காரர் அந்த வழியாக வந்தார்.

"எங்க போகணும் பெரியவரே?"

"என் சம்சாரத்துகிட்டப்பா."

அவருக்கு நீ முதியோர் இல்லத்தில் இருப்பது தெரியாது. வண்டியில் ஏற்றி, பூட்டிக் கிடந்த நம் வீட்டு வாசலில் பத்திரமாக இறக்கிவிட்டார்.

நேற்று நர்ஸம்மா போனில் சொன்னாள். "தலை சீவிவிட வருவாரே ஒருத்தர், அவரு ஏன் வரல?" என்று கேட்டாயாம். கல்யாணம், பிள்ளை, என் பெயர் எல்லாம் மறந்த உனக்கு அது மட்டும் ஞாபகம் இருக்கிறதே!

அவர் எப்படியும் வந்துவிடுவார். அதுவரை நர்ஸம்மா சீவட்டும், அடம்பிடிக்காதே.

இப்படிக்கு,
தலை சீவிவிடுகிறவர்