மெழுகு காயும் நேரம்

1951 நவம்பர் 3, சனி

மழை. பிள்ளைக் கொட்டகையில் இருபத்திரண்டு குழந்தைகள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன தாய்மார் திரும்பி வரும்வரை அத்தனையும் என் இடுப்பிலும் மடியிலும்.

துரைக்குக் கார் ஓட்டும் என் வீட்டுக்காரர் மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னார். வந்தது நாலரை. "தொர காருக்கு மெழுகு போட்டேன் லெட்சுமி. காயறதுக்கு ஒரு மணி நேரம் ஆவும்ல. ஈரத்துல தொடச்சா திட்டுத் திட்டா நிக்கும், தொரசானி கத்தும்." சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்துவிட்டார்.

முன்பெல்லாம் மாதம் ஒரு தடவைதான் மெழுகு. இந்தப் பஞ்சாலை என்கிறவள் கோலா சாவா ஊரிலிருந்து துரை பங்களாவுக்குச் சமைக்க வந்த பிறகு புதனும் சனியும் மெழுகு. காருக்கு அப்படி என்ன கல்யாணம்?

நவம்பர் 7, புதன்

இன்றும் நாலரை. அவருக்குப் பேர்தான் சன்னாசி.

நவம்பர் 10, சனி

நானே சோறு கொண்டு போனேன். வேலிக் கதவில் தூக்குச் சட்டியைத் திறந்து, கரண்டியை விட்டுக் கிளறிப் பார்த்த பிறகுதான் விட்டான் காவல்காரன். லயத்து வீடுகளிலிருந்து ஒரு பிடி அரிசிகூடக் காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாதாம். பங்களா ஸ்டோரில் ஒரு மூட்டை அரிசி குறைகிறது என்று போன வாரத்திலிருந்தே கெடுபிடி.

பங்களா முகப்பில் கார் மட்டும் நின்றது. உடம்பெல்லாம் மெழுகு வெளுத்திருந்தது. ஆளைக் காணோம். விரலால் ஒரு கோடு இழுத்தேன். பொடிப் பொடியாக உதிர்ந்தது, அடியில் பளபளவென்று கறுப்பு. காய்ந்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ!

அப்போதுதான் சமையல்கட்டுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆம்பிளைச் சிரிப்பு. யார் என்று சட்டென்று பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. கல்யாணமாகி ஒன்பது வருடம், என் புருஷன் சிரிப்பு எனக்கே அடையாளம் தெரியவில்லை.

சோற்றைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஏன் பார்க்கலெ? ஏன்டி பார்க்கலெ?

நவம்பர் 14, புதன்

அவர் துடைக்கும் துணியிலிருந்து மெழுகைச் சுரண்டி எடுத்து வைத்திருந்தேன். இன்று கொட்டகையில் பால்மாவு டின் மூடியில் மெல்லிசாகத் தடவி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெயிலில் எட்டு நிமிடம். நிழலில் பன்னிரண்டு. மழைச் சாரல் அடிக்கும்போது பதினேழு.

ஒரு மணி நேரமாம்! மீதி முக்கால் மணி நேரம் யாருக்கு?

அவளுக்கு என்ன வயசு இருக்கும்? இருபத்தாறா? புருஷன் செத்து வருஷம் திரும்பவில்லை, அதற்குள் தலையில் பூ. நிறம்கூட என்னைவிட மட்டம்தான். கண்ணாடியில் பார்த்தேன். மட்டம்தான்.

நவம்பர் 16, வெள்ளி

வயிற்றெரிச்சல் தாங்காமல் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி முருகையாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். ஆபீசில் அவர் தனியாகத்தான் இருந்தார்.

"கால் மணி நேரத்துல காயற மெழுகுக்கு ஒரு மணி நேரம்னு பொய் சொல்றாருங்கய்யா. பங்களாவுக்குப் பின்னால எங்கயோ போறாரு. நீங்க கூப்புட்டுக் கண்டிச்சு வைங்க."

"எங்க போறான்?"

"தெரியலைங்கய்யா" என்றேன்.

தெரியும். ஆனால் என் புருஷன் இன்னொருத்தியிடம் போகிறான் என்று என் வாயால் எப்படிச் சொல்வது? நாளைக்கு லயம் பூராவும் சிரிக்காதா? கிராணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சரி, நீ போ. உன் பேரு வராது" என்றார்.

ஒரு ஏச்சு விழட்டும். அப்போதாவது புத்தி வரும்.

நவம்பர் 19, திங்கள்

கொண்டு போயிட்டாங்க.

காலையில் ரந்தா டவுனிலிருந்து போலீஸ் ஜீப். பல் விளக்கிக்கொண்டிருந்தவரை அப்படியே ஏற்றினார்கள். பங்களாவுக்குப் பின்னால் ரப்பர் நாலு வரிசைதான், அதைத் தாண்டினால் காடு. வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம், அந்தப் பக்கம் போகிறவன் எதற்குப் போவான்? அரிசி கொடுக்கத்தான் போவான். அப்படித்தான் அவர்கள் கணக்கு.

ஐயோ, நான் இதுக்கா சொன்னேன்?

நவம்பர் 20, செவ்வாய்

கிராணியின் காலில் விழுந்தேன். அவருக்கே முகம் வெளுத்திருந்தது. "இந்தக் காலத்துல காதுல விழுந்ததை எழுதி அனுப்பலைன்னா என்னைய உள்ள வைப்பான் லெட்சுமி. இப்படி ஆவும்னு நானும் நெனைக்கலெ." அவசரகாலச் சட்டத்தில் கோர்ட்டு, கேஸ் எதுவும் வேண்டாமாம். இரண்டு வருடம் தடுப்பு முகாமில் போடலாம். இல்லையென்றால் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடலாம்.

ஸ்டேஷனில் என் வீட்டுக்காரர் ஒரே பேச்சாக நிற்கிறாராம். "மெழுகு காயக் காத்துக்கிட்டு கார்கிட்டயே இருந்தேன், ஒரு மணி நேரம் ஆவும்."

அவளைப் பற்றி மூச்சு விடவில்லை. ஸ்டோர் சாவி அவள் இடுப்பில்தானே இருக்கிறது? சொன்னால் அவளையும் அள்ளிக்கொண்டு போவார்கள். அவளைக் காப்பாற்றுகிறார். அடி வாங்கிக்கொண்டு காப்பாற்றுகிறார்!

அவளும் வாயைத் திறக்கவில்லை. பயம். என்னோடு அடுப்பங்கரையில்தான் இருந்தார் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் ஒருவேளை விட்டுவிடுவார்கள். அவள் காலைப் பிடித்துக் கேட்கலாம்தான்.

கேட்க மாட்டேன். அவள் சொல்லி அவர் வெளியே வந்தால், ஆயுசுக்கும் அவர் உயிர் அவள் கொடுத்ததாகிவிடும். என் கழுத்துத் தாலிக்கு அவளா காவல்?

நவம்பர் 21, புதன்

கை வலி. எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

இன்ஸ்பெக்டர் பங்களாவுக்கு வந்தார். துரைக்கு என் வீட்டுக்காரரை விட்டால் வேறு டிரைவர் இல்லை. "என் ஆள் சொல்றது நிஜமான்னு மெழுகைப் போட்டே பாருங்க" என்று துரை சொன்னதாகக் கிராணி ஆள் விட்டார். ஓடினேன். "நான் போடறேன். அவருக்குக் கூட மாட நான்தான் தொடச்சுக் குடுப்பேன்" என்றேன். நல்ல பொய். இன்ஸ்பெக்டர் மலாயில் என்னவோ சொல்லிக் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்.

மெல்லிசாகத் தடவினால்தானே சீக்கிரம் காயும்? நான் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல அப்பினேன். தூறல் வேறு. அரை மணி ஆனதும் "தொட்டுப் பாரு" என்றார்கள். தலையைச் சொறிவது போல விரலைக் கூந்தலுக்குள் விட்டு, அந்த எண்ணெய் விரலால் தொட்டேன். மெழுகு இழுபட்டது. "இன்னும் ஈரமா இருக்கு, பாருங்க." நாற்பது நிமிடத்தில் ஒரு தடவை. ஐம்பதில் ஒரு தடவை.

கிராணிக்கு என் கால் மணி நேரக் கணக்குத் தெரியும். செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பஞ்சாலை சமையல்கட்டு வாசலில் நின்றாள். அவளுக்கும் தெரியும். எத்தனை காய்ந்த மெழுகு பார்த்தவள்!

ஒரு மணி ஐந்து நிமிடத்தில் "இப்ப காஞ்சிருச்சு" என்றேன். அப்பியது கல்லாக இறுகிக் கிடந்தது. தோள் கழன்று விழும்வரை தேய்த்தேன். பானெட்டில் இன்ஸ்பெக்டர் முகம் தெரிந்தது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

நவம்பர் 23, வெள்ளி

வந்துவிட்டார். இடது காது சரியாகக் கேட்கவில்லை.

நவம்பர் 25, ஞாயிறு

வெந்நீர் ஊற்றிக் காதுக்கு ஒத்தடம் கொடுத்தபோது அவராகவே பேசினார்.

"நீ பண்ணுனதக் கிராணி சொன்னாரு. அம்புட்டு நேரம் ஆவாதுன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"நான் எங்க இருந்தேன்னும் தெரியுமா?"

"தெரியும்."

அழுதார். "தொட்டதில்ல லெட்சுமி. காளியம்மா சத்தியம். பேசிக்கிட்டு இருப்போம், அம்புட்டுதான்."

தொட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும். முக்கால் மணி நேரம் அப்படி என்னதான் பேசினார்? என்னோடு பேச அவருக்கு ஐந்து நிமிடப் பேச்சுகூட இருந்ததில்லையே.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நான் கார்கிட்ட இல்லாதது அவ ஒருத்திக்குத்தான் தெரியும். வேற எவனுக்கும் தெரியாது. ஸ்டோர் சாவி தன் கையில இருக்குன்னு பயந்து, முந்திக்கிட்டு என்னையப் போட்டுக் குடுத்திருக்கா. இதுக்காடி நான் அவ பேரச் சொல்லாம அடி வாங்குனேன்?"

துணியைப் பிழிந்தேன். மறுபடி வைத்தேன். 

டிசம்பர் 1, சனி

நாலு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். புதனும் அப்படித்தான்.

டிசம்பர் 4, செவ்வாய்

பஞ்சாலை கொட்டகைக்கு வந்தாள். குழந்தைகள் தூங்கும் நேரம். பூ இல்லை, முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, நான் சொல்லலக்கா. என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேங்கறாரு. என்னைய எது வேணாலும் சொல்லுங்க, வாங்கிக்கறேன். காட்டிக் குடுத்தவன்னு மட்டும் வேணாம்க்கா. நீங்களாச்சும் அவருகிட்டச் சொல்லுங்க."

கிட்டத்தில் பார்த்தால் நிறம் மட்டமில்லை.

"சொல்றேன்" என்றேன்.

டிசம்பர் 9, ஞாயிறு

காலை லாரியில் பஞ்சாலை ரெம்பாவ் பக்கம் போய்விட்டாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய். லயத்து வழியாகத்தான் லாரி போயிற்று. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றார். ஊற்றினேன். நன்றாக இருக்கிறது என்றார்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. இந்த நோட்டை அடுக்குப் பானைக்குப் பின்னால் ஒளிக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒளிக்கிறேன்.