சூனியம் என்று நான் எரித்த காகிதம்

அன்பான என் பிரியா அப்பாவுக்கு,

கல்யாணமான நாளிலிருந்து உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷமான பிறகு புதிதாகத் தொடங்கவும் மனசு வரவில்லை. மகள் பெயரைச் சேர்த்தே கூப்பிட்டுப் பழகிவிட்டது. இதை நாலு பேர் படிப்பார்கள். நாம் இருவரும் தெஹியோவிட்ட பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய புருஷன் பெண்டாட்டி என்று தெரிந்தால் அவர்களுக்குப் போதும்.

முதலில் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். என்னிடம் ஏன் மறைத்தீர்கள்?

புரோஸ்டேட்டில் கேன்சர் என்று சொன்னீர்கள், அது சரி. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, அதிலேயே அடங்கிவிடும் என்றும் சொன்னீர்கள். அதை நான் பாதிதான் நம்பினேன். டாக்டர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பேன், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று யோசிப்பேன். அப்படிப்பட்டவளிடம் போய் நீங்கள் ஒளித்து விளையாடினீர்களே.

நான் காலையில் பால் வெட்ட மலைக்குப் போனதும் நீங்கள் கதவைச் சாத்திக்கொள்கிறீர்கள் என்று லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு மல்லிகாதான் முதலில் சொன்னாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் உள்ளுக்குள்ள சிங்களத்துல என்னமோ ஓதுறாரு. மூச்சு வேற வாங்குது. கட்டாடியா யாருகிட்டயாவது போனாரா?”

பேயோட்டுகிற கட்டாடியாவிடம் நீங்கள் ஏன் போகவேண்டும் என்று இரவெல்லாம் யோசித்தேன். அடுத்த நாள் மழை வந்து பால் வெட்டு நின்றதால் சீக்கிரமே வந்தேன். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். “எக்காய்… தெக்காய்… துனாய்…” ஒவ்வொன்றுக்கும் நாற்காலி கிறீச்சிட்டது. சிங்களத்தில் எண்ணுகிறீர்கள் என்பது புரிந்தது. எதை எண்ணுகிறீர்கள் என்பதுதான் புரியவில்லை. தட்டாமல் மல்லிகா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் நீங்கள் குளிக்கப் போனபோது மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். அங்கே ஒரு காகிதம் இருந்தது. எழுத்தெல்லாம் சிங்களம். சரளமாகப் பேசுவேனே தவிர, எனக்கு ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. நடுநடுவே படங்கள்: கையைத் தூக்கியபடி ஓர் ஆள், உட்கார்ந்தபடி ஓர் ஆள், சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தியபடி ஓர் ஆள். இன்னோர் ஆளின் முதுகிலும் இடுப்பிலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. யாரோ உங்களுக்குச் செய்வினை செய்திருக்கிறார்கள், அதைத்தான் மெத்தைக்கடியில் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். காய்ந்த மிளகாயும் உப்பும் சுற்றி, காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீங்கள் துண்டோடு வந்து நின்றீர்கள். கோபப்படுவீர்கள் என்று பார்த்தேன், சிரித்தீர்கள்.

“அடிப்பாவி, அது சூனியம் இல்ல புள்ள. எக்சசைஸ் கடதாசி. கிளினிக்குல பிசியோ மிஸ் குடுத்தது.”

“அப்ப அந்தச் செவப்பு வட்டம் என்னாங்க?”

உங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. குனியக் கூடாத, பாரம் தூக்கக் கூடாத, உடம்பைத் திருகக் கூடாத இடங்கள் அவை என்றீர்கள். ஏன் கூடாது என்று நான் விடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, “எலும்புக்கும் போயிருச்சாம்” என்றீர்கள். நாலு மாதமாக அதை வாயில் வைத்துக்கொண்டுதான் என்னோடு சோறு சாப்பிட்டிருக்கிறீர்கள்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் நல்லது கெட்டது தெரியவில்லை. நோய் எலும்பில் இருக்கிறவரை எழும்பி உட்காரச் சொல்வதா? மருந்து கைவிட்டதும் ஒரு காகிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். நாற்காலியை மல்லிகா வீட்டில் கொண்டுபோய்ப் போட்டேன். “படுத்திருங்க, அது போதும்” என்றேன். நீங்களும் என் பேச்சைக் கேட்டுப் பதினைந்து நாள் படுத்திருந்தீர்கள்.

பதினாறாம் நாள் கக்கூஸ் படியில் உங்களுக்குக் கால் எழும்பவில்லை. நான் தூக்கப் போனேன். என் இடுப்பும் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். அப்போதுதான் சொன்னீர்கள்.

“நான் விழுந்தா நீதானே தூக்கணும். ஒன் இடுப்பு தாங்காதுன்னுதான் புள்ள அதச் செஞ்சேன்.”

அன்றைக்கே பிசியோ மிஸ்ஸுக்கு போன் போட்டேன். சண்டை பிடிக்கத்தான் போட்டேன். அந்தப் பிள்ளை பொறுமையாகப் பேசியது. அந்த ஊசியே சதையை உருக்கும், சும்மா படுத்தால் இன்னும் உருகும், அவர் எலும்புப் படத்தைப் பார்த்துத்தான் எது செய்யலாம் என்று குறித்தோம், புது வலி வந்தால் உடனே நிறுத்திவிட்டுக் கூட்டி வாருங்கள் என்றது. நோய் இதனால் போகுமா என்று மடக்கினேன். போகாது, அவர் காலில் அவர் நிற்கலாம் என்றது. பொய் சொல்லி ஆசைகாட்டாததால் கொஞ்சம் நம்பினேன்.

பிறகு எண்ணுகிற வேலை எனக்கு வந்தது. நீங்கள் ஏழிலிருந்து ஒன்பதுக்குத் தாவுவீர்கள், நான் பிடிப்பேன். “ஹெமின், ஹெமின்” என்று மிஸ் சொல்வதுபோல் மெதுவாகச் செய்யச் சொல்வேன். நான் மலையில் இருந்த நாட்களில் உண்மையாகவே செய்தீர்களா, இல்லை செய்ததாகச் சொன்னீர்களா? இன்றுவரை சந்தேகம்தான். ஆனால் கடைசி வாரம் வரை கக்கூஸுக்கு நீங்களாகவே நடந்தீர்கள். யார் கையிலும் தொங்கவில்லை.

அந்தப் பதினைந்து நாள் மட்டும் என்னைத் தின்கிறது. அவ்வளவு நாளை உங்களிடமிருந்து நான்தான் பிடுங்கினேனா? மிஸ்ஸிடம் கேட்டேன். அப்படியெல்லாம் யாராலும் சொல்ல முடியாது என்றது. என்னைத் தேற்றுவதற்குச் சொன்னதோ என்னவோ.

ஒரு செய்தி. போன வாரம் உங்கள் திவசத்துக்கு நிவித்திகலயிலிருந்து உங்கள் தம்பி வந்திருந்தார். அவருக்கும் அதே நோய், அதே ஊசி, உங்களுக்குத் தெரியும். சாப்பிட்டுக் கை கழுவும்போது பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணி, அண்ணன் செஞ்ச எக்சசைஸ எனக்கும் கொஞ்சம் காட்டிக் குடுங்க. வீட்டுல சொல்லிறாதீங்க, அவ பயந்துருவா.”

எலும்புக்குப் போய்விட்டதா என்று நேராகவே கேட்டேன். வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டு, அதெல்லாம் இல்லை என்றார். உங்களோடு முப்பது வருஷம் வாழ்ந்தவளுக்கு அந்தப் பார்வை தெரியாதா?

சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் நிவித்திகலவுக்குப் போகிறேன். நான் எந்த எக்சசைஸும் செய்துகாட்டப் போவதில்லை. அவர் எலும்பு எப்படி என்று எனக்கென்ன தெரியும்? அவரையும் அவர் பெண்டாட்டியையும் கிளினிக்குக் கூட்டிப்போய் மிஸ் முன்னால் உட்காரவைப்பேன். அவர் என்னைத் திட்டினாலும் திட்டட்டும். அவள் அழுதால் அழட்டும். ஆனால் எல்லாம் தெரிந்து அழட்டும். என்னைப்போல் கதவுக்கு வெளியே நிற்கவேண்டாம். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
இன்னும் உங்களோடு கோபமாயிருக்கும்,
பிரியா அம்மா