தலைக்கயிறு

போகி. கடும் பனி. எதிர் வீடு தெரியவில்லை.

அக்கா, மன்னித்துக்கொள். உன் பிளஸ் டூ வேதியியல் நோட்டில் எழுதுகிறேன். நீ நிறுத்திய பக்கத்துக்கு அடுத்த பக்கம். நீ தறியில் உட்கார்ந்ததால்தான் நான் காலேஜ் போனேன். இப்போது உன் தாளும் எனக்கு.

ஜெர்மனியிலிருந்து வந்து இரண்டாம் நாள். நான்கு வருடம் கழித்து வீட்டில் பொங்கல். தெரு முழுக்க டயர் புகை, இருமல். அம்மா பழைய பாயை நெருப்பில் போடும்போது, கலசப்பாக்கத்துப் புகுந்த வீட்டிலிருந்து முதல் பஸ்ஸில் அக்கா வந்தாள். கையில் பை இல்லை.

அப்பா: "பொங்கல் வரிசை எடுத்துகினு நாங்க வர்றதுக்குள்ள நீயே வந்துட்டா, ஊரு இன்னா பேசும்?"

குளித்துவிட்டு வந்தவளின் முதுகைப் பார்த்தேன். கோடு கோடாக. பழையது மஞ்சள், புதியது கருநீலம். "பாத்ரூம்ல வழுக்கிட்டன்டி." நான் ஒன்றும் கேட்கவில்லை. எப்போதும் அப்படித்தான் நான்.

தை 1. நல்ல வெயில். பானை கிழக்குப் பக்கம் பொங்கியது. அம்மாவுக்குச் சந்தோஷம்.

வாங்கியது: கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம், அரிசி, மாப்பிள்ளைக்கு வேட்டி, அக்காவுக்குச் சேலை. நாளை வரிசையோடு அக்காவையும் கொண்டுபோய் விடுவதாக முடிவு. யார் முடிவு செய்தது, தெரியவில்லை.

அம்மா, பாத்திரம் தேய்த்தபடி: "கை நீட்டாத ஆம்பள எங்கடி கீறான்?"

எங்கள் வீட்டில் 'அடி' என்ற சொல்லே கிடையாது. 'கை நீட்டிட்டார்.' அவ்வளவுதான்.

தை 2. அப்பா, அக்கா, நான். மாமா (அக்கா வீட்டுக்காரர்) ஊரில் மாடு விடும் திருவிழா. தெருவின் இரண்டு பக்கமும் தடுப்புக்கட்டை, தடுப்புக்குப் பின்னால் ஜனம். ஓட விடுவதற்கு முன் கால்நடை டாக்டர் ஒவ்வொரு மாட்டையும் தடவிப் பார்த்தார். வால், காது, முதுகு. ஒரு மாட்டின் முதுகில் சாட்டைத் தழும்பு. திருப்பி அனுப்பிவிட்டார்.

மாமா தன் வெள்ளை மாட்டின் நெற்றியில் முத்தம் கொடுத்தார். "தினிக்கும் ஆறு முட்ட குடுக்கறன் டாக்டர். ஒரு கீறல் காட்டுங்க பாக்கலாம்."

மைக்: "மாட்ட எவனும் அடிக்காத! அடிச்சா போலீஸ்ல புடிச்சி குடுத்துடுவோம்!"

அக்கா என் பக்கத்தில். புதுச் சேலை. முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

ஒரு மாடு தடுப்பை உடைத்தது. ஒருவருக்குத் தொடை கிழிந்தது. ரத்தத்தின் மேல் மண் தள்ளினார்கள். அடுத்த மாடு. மாமாவின் வெள்ளை பாதி வழியில் நின்றுவிட்டது. ஒரே சிரிப்பு. "முட்டைய மாடு துன்னுச்சா, நீ துன்னியாடா?"

வீட்டுக்கு வந்ததும் மாமா மாட்டின் தலைக்கயிற்றை அவிழ்த்தார். தண்ணீர் காட்டினார். பிறகு அதே கயிற்றோடு கொல்லைப்பக்கம் போனார். அக்கா அங்கேதான் இருந்தாள்.

"போகியன்னிக்கு ஓடனியே, அந்தத் தரித்திரம்தான்டி!"

ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போன்ற சத்தம். ஐந்து. ஆறு. அப்பா முன்னறையில், இலை முன்னால். தலை நிமிரவில்லை. "ரசம் ஊத்தும்மா."

ரசக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். கயிற்றைப் பிடித்தேன். அவர் இழுத்தார். உள்ளங்கைத் தோல் உரிந்தது. விடவில்லை. "பெரிய வெளிநாட்டுக்காரி" என்று துப்பிவிட்டுக் கயிற்றை விட்டார். அக்காவை இழுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன். அப்பா பின்னாலேயே வந்து ஏறினார்.

தை 3. காணும் பொங்கல். பனி இல்லை. அக்கா குப்புறப் படுத்திருக்கிறாள், சுவரைப் பார்த்து.

அப்பா: "மாப்பிள்ள போன் பண்ணாரு. நாளிக்கி வந்து கூட்டிகினு போறாராம். அவள ரெடியா இருக்கச் சொல்லு."

பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு என் கையை வெளிச்சத்துக்கு இழுத்தார். பட்டில் விட்டுப்போன இழையைத் தேடுவது போல, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லேப்ல வேல செய்யற கையிம்மா. தழும்பு வுழுந்துடப்போவுது." அவர் கண் கலங்கியது.

கையை உருவிக்கொண்டேன்.

"என் கை கெடக்கட்டும்பா. கண்ணாடியக் கழட்டாதீங்க. அக்கா முதுக ஒரு தடவ பாருங்க."