பாஸில் நிற்கிற ஆட்டம்

நைனா,

சார்ஜர் சூடாகிவிட்டது. வேறொன்றுமில்லை. போனைச் செருகிவிட்டுப் பாத்திரங்களை மூட்டை கட்டப் போனேன். திரும்பி வந்து தொட்டபோது அந்தக் கறுப்புக் கட்டை கையைச் சுட்டது, பிளாஸ்டிக் காய்கிற வாசனை வந்தது. அவ்வளவுதான், மூட்டையை அப்படியே போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நாளைக் காலையில் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். அம்மா வரமாட்டேன் என்கிறாள். அவளை எப்படிக் கிளப்புவது என்று உன்னைவிட்டால் யாரைக் கேட்பேன்?

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த டிவி கேமை நீ பர்மா பஜாரில் வாங்கி, மீன் கூடைக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாய். கண்டக்டர் “கூடைல இன்னா மீனு?” என்று கேட்டாராம், நீ “ஜப்பான் மீனு” என்றாயாம். திருவொற்றியூர் வரும்வரை பஸ்ஸே சிரித்தது என்று எங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாய். அந்த ரிமோட்டுகளிலிருந்து மீன் வாடை போகவே இல்லை.

கேசட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டம் என்று அட்டையில் போட்டிருந்தது. ஓடியது கொஞ்சம்தான். நமக்கு ஒன்றே போதுமாக இருந்தது: இரண்டு குட்டி ஆட்கள் பாறைக்குப் பாறை தாவி மேலே ஏறுகிற ஆட்டம். பச்சைத் தொப்பி நான், மஞ்சள் தொப்பி நீ. நான் செத்தால் ரிமோட்டு அம்மா கைக்குப் போகும். அவளுக்கு உட்கார்ந்து ஆட வராது. ஆள் தாவும்போது கூடவே அவளும் எழும்பிக் குதிப்பாள், நீ சிரித்துச் சிரித்தே செத்துப்போவாய்.

அந்த ஆட்டத்தில் ஓர் அநியாயம் இருந்தது. மேலே இருப்பவன் ஏற ஏறப் படமும் மேலே ஏறும். கீழே இருப்பவன் திரைக்கு அடியில் போய்விட்டால் செத்தான். அதற்கு எதிரி தேவையில்லை, கூட ஆடுகிறவனே போதும். எனக்கு எப்போதும் அவசரம். விறுவிறுவென்று ஏறி உன்னைக் கொன்றுவிடுவேன். நீ ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு நிதானமாகச் சொல்வாய்: “கீய கீறவன் வந்தாதாம்மே மேல கீறவன் ஏறணும். கடல்லயும் அதான், இங்கயும் அதான்.”

அப்புறம் அந்த ‘பாஸ்’. ஆட்டத்தை நிறுத்தி வைத்தால் திரையில் ஆங்கிலத்தில் ஒரு சொல் வரும். இன்னா எழுதிக்கீது என்று கேட்டாய். நான் எழுத்துக்கூட்டி ‘பாஸ்’ என்றேன். நமக்குத் தெரிந்த பாஸ் பரீட்சையில் வருவதுதானே. நீ எழுந்து போய், தெருவில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் எல்லாம் “எம்பொண்ணு டிவிலயே பாஸாயிட்டா” என்று சொல்லிவிட்டு வந்தாய். அது பரீட்சை பாஸ் இல்லை, நிறுத்தி வைப்பதற்கான ‘pause’ என்று பிறகு தெரிந்தும் நாம் மாற்றிக்கொள்ளவில்லை. சோறு இறக்கும்வரை பாஸ். நீயும் அம்மாவும் சண்டை போடும்போது நடுவில் யாராவது வந்துவிட்டால், “இரு, பாஸ்.” நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு நின்றுபோனது என்று அர்த்தமில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரப்போகிறோம் என்று அர்த்தம்.

அந்த மதியம் அதுவரை பார்க்காத ஒரு கட்டத்துக்கு வந்திருந்தோம். பாறையெல்லாம் பனி. நான் மேலே ஒரு பாறையில், நீ எனக்குக் கீழே ஒரு பாறையில். வாசலில் உன் போட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள். சில நாள் கடலிலேயே தங்கி மீன் பிடித்து வரும் பயணம். நீ பொத்தானை அமுக்கிவிட்டு எழுந்தாய். “பாஸ்ல கெடக்கட்டும். ஆரும் கை வெக்காதீங்க. வந்து ஏறிக்கலாம்.” டிவியை அணைத்தாய், கேம் பெட்டியை அணைக்கவில்லை. கரண்ட் போனால் ஆட்டமும் போய்விடும், அதில் எதையும் சேமித்து வைக்க முடியாது என்று நம் மூன்று பேருக்கும் தெரியும். பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

காற்று மாறியது. திரும்பி வந்த போட்டுகளில் உன் போட்டு இல்லை. தேடப் போன போட்டுகளும் வெறுமனே வந்தன. அம்மா காசிமேட்டுக்கும் எண்ணூருக்குமாக அலைந்தாள். நான் பெட்டியை விட்டு நகரவில்லை. அதற்குக் கரண்ட் கொடுக்கிற அடாப்டர், இன்றைக்கு இந்தச் சார்ஜர் சுட்டதுபோலவே, தொட முடியாதபடி சுட்டது. “அத்த அணைடி, வூடு பத்திக்கப் போவுது” என்றாள் அம்மா. நான் அணைக்கவில்லை, அவளும் அதற்கு மேல் சொல்லவில்லை. மறுநாள் கண் விழித்தபோது அவள் அடாப்டரை ஒரு சில்வர் தட்டின் மேல் வைத்து, காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு விசிறுவதுபோல விசிறினாள். அவள் கை ஓய்ந்தால் அட்டை என் கைக்கு வரும். முன்பு ரிமோட்டு கை மாறியதுபோலத்தான்.

உன் அக்கா ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். “எவ்ளோ நாளுதான் பாக்கறது? அவன் சட்டைய வெச்சி காரியத்த முடிச்சிரலாம். நீ பாட்டுக்குப் பொட்டு வெச்சிகினு குந்திகினு கீறியே, ஊரு இன்னா பேசும்?”

அம்மா விசிறுவதை நிறுத்தவில்லை. “அவுரு பாஸ்ல கீறாரு” என்றாள்.

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு மட்டும்தான் புரிந்தது. அன்றைக்கு அம்மாமேல் எனக்கு வந்த பிரியம் அதற்கு முன்னும் பின்னும் யார்மேலும் வந்ததில்லை.

பிறகு ஒரு பகலில் கரண்ட் போனது. எப்போதும் போகிற கரண்ட்தான். சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. நான் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், என் உடம்புச் சூட்டில் அது உயிரோடு இருந்துவிடும் என்று. நிமிர்ந்தால் வாசலில் அம்மா. கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். “வரும், இரு” என்றாள். வந்தது. விளக்கு தானாக எரிந்தது. டிவியைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நானும் போடவில்லை, அவளும் போடவில்லை. பார்க்காதவரைக்கும் நீ அந்தப் பனிப்பாறையில்தான் நிற்கிறாய்.

இத்தனை வருஷமும் அப்படித்தான் ஓட்டினோம், நைனா. டிவி செத்தது, பெட்டி செத்தது, அம்மாவின் பொட்டு அப்படியே இருக்கிறது. வந்த வரன்களை நான் தட்டிக் கழித்தேன், கோயம்புத்தூரில் கிடைத்த வேலையை வேண்டாம் என்றேன். அம்மாவைத் தனியாக விட முடியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்குப் பயம். நான் ஒரு படி ஏறினால் திரை ஏறிவிடும். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், அதனால் சொல்வதில்லை.

இப்போது கடல் நம் தெருவின் முன்வரிசையைத் தின்றுவிட்டது. அலை வந்தால் நம் வாசலில் நுரை நிற்கிறது. அடுக்குமாடியில் வீடு ஒதுக்கியிருக்கிறார்கள், மூன்றாவது மாடி. நேற்று பார்க்கப் போனோம். அம்மா முதல் படியில் ஒரு காலை வைத்தாள், அப்படியே நின்றுவிட்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடல் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“நாம ஏறிட்டா, கீய கீறவரு இன்னாடி ஆவாரு?”

இருவரும் திரும்பி வந்துவிட்டோம். இங்கேயே இருந்தால் அடுத்த மழைக்கு வீட்டோடு போவோம். ஏறினால் உன்னை விட்டுவிட்டுப் போகிறோம். நீதான் சொல்லேன், நைனா. “ஏறுங்க” என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை.

நீ சொல்லமாட்டாய். நான் ஒன்று நினைத்து வைத்திருக்கிறேன். உன் ரிமோட்டை மட்டும் மூட்டையில் கட்டவில்லை, கையில் வைத்திருக்கிறேன், நாளைக்கு உன் இடத்தில் நிற்கப்போவது நான். நாளைக்கு அம்மாவை முன்னால் விட்டுவிட்டு, “கீய நான் கீறேம்மா, நீ ஏறு” என்று சொல்வேன். கீழே ஆள் இருந்தால் அவள் ஏறிவிடுவாள். மேலே போய்ச் சேர்ந்ததும் என்னைக் கூப்பிடுவாள். அப்போது எனக்குக் கீழே நீ மட்டும்தான் இருப்பாய். நான் ஏறிவிடுவேன், நைனா.